பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்க, கண் பயிற்சி அப்புறம் பார்க்கலாம்

திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற அப்பா அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜூன் மாதம் முழுக்க ஒரே பேச்சு. ஒரு பள்ளியில் காலை பிரேயர் முடிந்ததும் பத்து நிமிஷம் கண் பயிற்சி ஆரம்பித்திருக்கிறார்கள். உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றணும், கருவிழியை மேலே கீழே உருட்டணும், கட்டை விரலை நீட்டிப் பிடித்து மெதுவாக மூக்குக்கிட்ட கொண்டுவரணும். வீடியோவும் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று முழியை உருட்டுவது பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டு மதினி அன்றைக்குச் சாயங்காலமே வாசலுக்கு வந்துவிட்டார். அவர் மகனுக்கு ஒன்பது வயசு, போன வருஷம்தான் கண்ணாடி போட்டார்கள். "ஏண்ணே, இதத் தெனமும் செஞ்சா பவர் எறங்கிருமாம்ல? கண்ணாடியக் கழட்டிரலாம்னு சொல்றாங்களே, நெசமா?"

வாசலில் நின்று சொல்கிற பதில் இல்லை இது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. அவசரக்காரர்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்காது. ஆனால் அதே பத்து நிமிஷத்தைப் பள்ளிக்கூடம் வேறு விதமாகச் செலவழித்தால், இன்னும் கண்ணாடி போடாத பிள்ளைகளில் சிலரையாவது காப்பாற்றலாம்.

முதலில் கிட்டப்பார்வை ஏன் வருகிறது என்று பார்ப்போம். பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். வளர வளர அது நீண்டு பெரியவர்களுக்கு ஏறக்குறைய 24 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். சில பிள்ளைகளுக்கு அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் நீண்டுகொண்டே போகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனாலே கிட்டத்தட்ட மைனஸ் இரண்டரை பவர். சினிமா தியேட்டரில் திரையை மட்டும் ரொம்பப் பின்னாடி தள்ளி வைத்துவிட்டால் படம் மங்கும் இல்லையா, அதுதான் கண்ணுக்குள் நடக்கிறது. படம் விழுகிற விழித்திரை பின்னால் போய்விட்டது.

இப்போது கண் பயிற்சி எதைத் தொடுகிறது என்று பாருங்கள். முழியை உருட்டினால் கண்ணைத் திருப்புகிற வெளித்தசைகள் வேலை செய்கின்றன. விரலைக் கிட்டக் கொண்டுவந்தால் உள்ளே லென்ஸைப் பிடித்திருக்கும் தசை இறுகித் தளர்கிறது. இரண்டுமே ஏற்கெனவே நன்றாக இருக்கிற தசைகள். சோனிப் பிள்ளைகளுக்குக்கூட அந்தத் தசைகள் சோனியாக இருப்பதில்லை. நீண்டுபோன கண்ணை அவை திரும்பச் சுருக்காது. உயரம் போல அதுவும் வளர்ந்தது வளர்ந்ததுதான்.

"அதெப்படி, சீனாக்காரன் செய்றானே" என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பள்ளிக் கண் பயிற்சிக்கு உலகத்திலேயே பெரிய சோதனைக்கூடம் சீனாதான். 1963-இல் பெய்ஜிங்கில் ஆரம்பித்தது. அவர்களுடைய பாரம்பரிய அழுத்துப் புள்ளிகளை வைத்து உருவாக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு புருவத்தடி, மூக்குத்தண்டு, கன்னம், நெற்றிப்பொட்டு என்று விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் இசை ஓடும், ஒரு குரல் ஒன்று முதல் எட்டு வரை எண்ணும். ஐந்து நிமிஷம், நாளுக்கு இரண்டு தடவை. பிறகு நாடு முழுக்கப் போனது. 2008-இல் திருத்திய புதுப் பதிப்பு வந்தபோது காது மடலைத் தேய்ப்பதும் கால்விரலால் தரையைப் பற்றுவதும் சேர்ந்துகொண்டன. கால்விரலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்று தலைமுறைக் குழந்தைகள் அப்படித் தேய்த்து வளர்ந்தார்கள். பலன்? 2018-இல் அந்த அரசே எடுத்த கணக்கில் பிள்ளைகளிலும் பதின்வயதினரிலும் 53.6 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. பயிற்சியால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. படிப்புச் சுமை, ட்யூஷன், வீட்டுக்குள்ளேயே வளர்வது எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனால் பயிற்சி அதைத் தடுக்கவும் இல்லை. ஆன்யாங் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்விலும், பயிற்சி செய்வதற்கும் கிட்டப்பார்வை வருவதற்கும் தொடர்பு ஒன்றும் பிடிபடவில்லை. நாடே சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் செய்து பார்த்தும் கிடைக்காத பலன், பிரேயர் முடிந்த பத்து நிமிஷத்தில் நமக்குக் கிடைத்துவிடுமா?

நம் பக்கத்தில் இந்த நம்பிக்கைக்கு வேறொரு வேர் இருக்கிறது. அதற்குச் சீனா வரை போக வேண்டாம், பாண்டிச்சேரி போனால் போதும். திண்டுக்கல்லிலிருந்தும் மதுரையிலிருந்தும் மே மாத லீவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தவர்கள் உங்கள் சொந்தத்திலேயே யாராவது இருப்பார்கள். அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கண்பார்வைப் பள்ளி அது. டெல்லியில் கண் மருத்துவராக இருந்த ஆர்.எஸ். அகர்வால் ஆசிரமத்துக்கு வந்து 1968-இல் தொடங்கியது. அவர் பின்பற்றியது அமெரிக்காவின் வில்லியம் பேட்ஸ் என்ற மருத்துவரை. பேட்ஸ் 1920-இல் கண்ணாடியில்லாமல் பார்வையைச் சரிசெய்வது பற்றி ஒரு புத்தகம் போட்டார். கண்ணை உள்ளங்கையால் மூடி இருட்டாக்குவது, கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் முகம் காட்டுவது, உடம்பை ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பொடி எழுத்தை வாசிப்பது, பந்தைத் தட்டித் தட்டி அதையே பார்ப்பது, இதெல்லாம் அந்தப் பரம்பரை. எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிகூட 1942-இல் இதைப் புகழ்ந்து ஒரு புத்தகமே எழுதினார்.

சிக்கல் எங்கே என்றால், அடிப்படையிலேயே. கண்ணைச் சுற்றி இருக்கும் வெளித்தசைகள் கண் உருண்டையை அழுத்தி நீட்டிச் சுருக்கித்தான் கிட்டேயும் தூரத்திலும் பார்க்கிறோம் என்று பேட்ஸ் சொன்னார். அது அப்படி இல்லை, உள்ளே இருக்கும் லென்ஸ் வளைந்து நிமிர்வதால்தான் பார்க்கிறோம் என்பது அவருக்கு முந்தைய நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்ட விஷயம். கண்புரை ஆபரேஷன் செய்து செயற்கை லென்ஸ் வைத்த பாட்டிக்குத் தூரம் தெளிவாகத் தெரியும், கிட்டத்தில் வாசிக்க மட்டும் தனிக் கண்ணாடி வேண்டும். வெளித்தசை எல்லாம் அவருக்கு அப்படியேதான் இருக்கிறது, வளைகிற லென்ஸ்தான் இல்லை. பேட்ஸ் சொன்னதற்குப் பதில் நம் ஊர்த் திண்ணைகளிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் பாண்டிச்சேரி போய்வந்தவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "எங்க பொண்ணு முன்னால மூணாவது வரிதான் வாசிச்சா, வந்தப்புறம் அஞ்சாவது வரி வாசிக்கிறா" என்பார்கள். வாசித்திருப்பாள். அதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு வாரம் போன் இல்லை, டிவி இல்லை, ஹோம்வொர்க் இல்லை, கடற்காற்று. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கண்ணீர்ப் படலம் சீராகும்போது கொஞ்சம் தெளிவு கூடும். மங்கலைப் பார்த்தே எழுத்தை ஊகிக்கப் பழகிவிடும். அட்டையும் மனப்பாடம் ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று. பிள்ளைகளில் சிலருக்கு நிஜக் கிட்டப்பார்வையே இருக்காது. நாள் பூராவும் கிட்டத்திலேயே பார்த்துப் பார்த்து உள்தசை இறுகிப் பிடித்துக்கொண்டு, மைனஸ் பவர் இருப்பது மாதிரிக் காட்டும். பொய்க் கிட்டப்பார்வை. கடையில் கம்ப்யூட்டரில் மட்டும் கண்ணை வைத்துப் பார்த்தால் மைனஸ் ஒன்று என்று சீட்டு வந்துவிடும். இந்தப் பிள்ளைக்கு ஓய்வு கொடுத்தால் பவர் 'இறங்கும்'. ஊர் பூராவும் அந்த ஒரு பிள்ளையின் கதைதான் பரவுகிறது. அதனால்தான் நல்ல கண் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, தசை தளரும் வரை உட்காரவைத்து, அப்புறம்தான் பவர் எடுப்பார்கள். அரை நாள் போய்விடும், பிள்ளை வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் சிணுங்கும், நாமும் கேன்டீன் காபியை இரண்டு தடவை குடித்திருப்போம். பரவாயில்லை. குழந்தைக்கு முதல் கண்ணாடி என்றால் சொட்டு விடாமல் வாங்காதீர்கள். நமக்கு மதுரை ஒன்றும் தூரமில்லை. 1976-இல் டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் அங்கேதான் இருக்கிறது. திண்டுக்கல்லிலேயே அவர்கள் கிளையும் உண்டு.

கண் பயிற்சியே மோசடி என்று ஒரே அடியாக அடித்துவிடவும் முடியாது. ஒரு கோளாறுக்கு அது உண்மையான மருந்து. கிட்டத்தில் வாசிக்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்பணும். சில பிள்ளைகளுக்கு அது சரியாக நடக்காது. எழுத்து இரண்டாகத் தெரியும், வரி ஓடும், தலை வலிக்கும். இவர்களுக்குப் பயிற்சியாளர் மேற்பார்வையில் 12 வாரம் முறையாகப் பயிற்சி கொடுத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்து 2008-இல் வெளியிட்டார்கள். 73 சதவீதம் பேருக்கு முழுக்கவோ பெருமளவோ சரியானது. வீட்டில் பென்சிலை மூக்குக்கிட்டக் கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்த கூட்டத்தில் 43 சதவீதம். சும்மா பயிற்சி மாதிரி ஏதோ செய்யவைத்த கூட்டத்தில் 35. பென்சிலுக்கும் சும்மாவுக்கும் பெரிய வித்தியாசமில்லை பார்த்தீர்களா? பள்ளியில் நூறு பேரை நிற்கவைத்துச் செய்யும் விரல் பயிற்சியும் அந்த ரகம்தான். நோய் இருக்கிற பிள்ளைக்கு அது பத்தாது, இல்லாத பிள்ளைக்கு அது தேவையில்லை.

சரி, அப்போ எதுதான் காக்கும்?

வெளிச்சம். வெளியே இருக்கும் வெளிச்சம்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. சிட்னியிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் ஆறேழு வயசுச் சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டு 2008-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே வம்சம், பெற்றோருக்குக் கிட்டப்பார்வை இருப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் வெறும் 3.3. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் படிக்கிற புத்தகம் குறைவுகூட இல்லை. பெரிய வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியே இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3.05 மணி நேரம்.

அப்புறம் தைவான். அங்கே காவ்சியுங் பக்கம் ஒரு பள்ளியில் எளிமையான ஒரு வேலை செய்தார்கள். இடைவேளை மணி அடித்ததும் எல்லாப் பிள்ளையும் வகுப்பை விட்டு வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான். பக்கத்திலேயே இன்னொரு பள்ளியில் வழக்கம் போல விட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கம் போல இருந்த பள்ளியில் 17.65 சதவீதம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளியில் 8.41. 2010-இல் நாடு முழுக்க, தினமும் 120 நிமிஷம் வெளியே என்று திட்டம் கொண்டுவந்தார்கள். பல வருஷமாக ஏறிக்கொண்டே இருந்த கோடு திரும்பி, பார்வை குறைந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பங்கு 2012-இல் 49.4 சதவீதமாக இருந்தது 2015-இல் 46.1 ஆனது. சின்ன இறக்கம்தான். ஆனால் ஏறுவதை மட்டுமே பார்த்த ஊரில் இறக்கம்.

சீனாவிலும் குவாங்சோவில் பள்ளி முடிந்ததும் கூடுதலாக 40 நிமிஷ வெளி வகுப்பு ஒன்று வைத்து மூன்று வருஷம் பார்த்தார்கள். அதன் முடிவு 2015-இல் வந்தது. புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5-க்குப் பதில் 30.4 சதவீதம். கண்ணைத் தேய்க்கவைத்த அதே நாட்டில்தான் வெளியே அனுப்புவதன் பலனும் நிரூபணம் ஆனது.

ஏன் அப்படி? வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது, அது கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்று விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து கணிக்கிறார்கள். தூரத்தில் பார்ப்பதும் சேர்ந்து உதவலாம். அளவைப் பாருங்கள், நமக்கே ஆச்சரியமாக இருக்கும். டியூப் லைட் போட்ட வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ். வெளியே மரத்தடி நிழலிலேயே அதைப்போல பல மடங்கு. நேர் வெயிலில் லட்சம் லக்ஸ். நம் கண் உள்ளே வந்ததும் பாப்பாவைத் திறந்து சமாளித்துவிடுவதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதே இல்லை.

"திண்டுக்கல் வெயில்ல பிள்ளைய நிறுத்தச் சொல்றீங்களா?" இல்லை. உச்சி வெயில் வேண்டாம். காலை ஒன்பதரைக்கு முன்னாலும் சாயங்காலம் நாலரைக்கு அப்புறமும் போதும். மற்ற நேரத்தில் வேப்ப மர நிழலே போதும். தொப்பி போடலாம். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, அது விழித்திரையைச் சுட்டுவிடும். வானம் தெரிகிற இடத்தில் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லணும். வெளிச்சம் வேலை செய்வது பெரும்பாலும் வருவதைத் தள்ளிப்போடுவதில். ஏற்கெனவே மைனஸ் இருக்கிற பிள்ளைக்கு அது ஏறுவதை எவ்வளவு குறைக்கும் என்பது அவ்வளவு தெளிவாக இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, அதற்கென்றே செய்த கண்ணாடி லென்ஸ்கள் எல்லாம் இப்போது இருக்கின்றன. அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம்.

தறிக்காரர்களை வைத்து ஒரு கேள்வி வரும், அதையும் இங்கேயே பேசிவிடுகிறேன். "எங்க தாத்தா காலம்பூரா தறியில உக்காந்து நூல் பாத்தாரு, அவருக்குக் கண்ணு போகலையே" என்று நம் தெருவில் சௌராஷ்டிர வீடுகளில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தாத்தாவின் பத்து வயசு எங்கே கழிந்தது? கண் நீள்வது அந்த வயசில்தான். நாற்பதுக்கு மேல் அவருக்கு வந்தது வெள்ளெழுத்து. அது லென்ஸ் இறுகுவதால் வருவது, எல்லாருக்கும் வரும், கிட்டப்பார்வையோடு அதற்குச் சம்பந்தமில்லை. தாத்தாவின் தூரப் பார்வையை யாரும் அட்டை வைத்து அளக்கவும் இல்லை. இப்போது அளக்கிறோம், கிட்டப்பார்வை ஏறுகிறது என்பதும் தெரிகிறது. டெல்லியில் 2000-த்தை ஒட்டி எடுத்த கணக்கில் பள்ளி வயசுப் பிள்ளைகளில் 7.4 சதவீதம், 2015-இல் வெளிவந்த கணக்கில் 13.1. இரண்டையும் எடுத்த விதம் வேறு வேறு. ஆனாலும் போகிற திசை தெரிகிறது.

கீரையைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் நல்லது, தினமும் கொடுங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் வரும் மாலைக்கண்ணுக்கு அது மருந்து. ஒரு காலத்தில் நம் மாவட்டங்களில் குழந்தைகளின் கண்ணைப் பறித்த நோய் அது. மைனஸ் பவருக்கும் கீரைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

என் உண்மையான கவலை கண் பயிற்சி பலிக்காது என்பதில் இல்லை. அது பலிக்கும் என்று நம்பிக் கண்ணாடியைத் தள்ளிப்போடுவதில் இருக்கிறது. "கண்ணாடி போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்" என்ற பேச்சு நம் ஊரில் நன்றாக வேரோடியிருக்கிறது. மலேசியாவில் 94 பிள்ளைகளை வைத்து இரண்டு வருஷம் பார்த்து 2002-இல் வெளியிட்டார்கள். வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் முழுப் பவர் போட்டவர்களைவிட வேகமாக ஏறியது. குறைத்துப் போட்டால் கண் தேறும் என்ற நம்பிக்கைக்கு அதுவே பதில். போர்டு தெரியாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை, கணக்கு வராத பிள்ளை என்று பேர் வாங்குகிறது. அது மட்டும் இல்லை, பவர் ரொம்ப ஏறிய கண்ணில் பிற்காலத்தில் விழித்திரை பிரிவதும் கண் நீர் அழுத்த நோயும் வரும் வாய்ப்பு கூடுதல்.

அரசுப் பள்ளிகளில் இதற்கு வழி இருக்கிறது. 2009-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டத்தில் பள்ளியிலேயே கண் பார்த்து இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். கொடுப்பது பாதி வேலைதான். புனே பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி வாங்கிய பிள்ளைகளைப் பின்னால் போய்ப் பார்த்தபோது மூன்றில் ஒருவர்கூட அதைப் போட்டிருக்கவில்லை. கேலிதான் முக்கியமான காரணங்களில் ஒன்று. சோடாபுட்டி என்று யார் ஆரம்பித்தார்களோ. பெண் பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வரை யோசித்துக் கழட்டி வைக்கச் சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டில் பத்து நிமிஷக் கண் பயிற்சி ஒரு நல்ல சாக்காகப் போய்விடும்.

மதினியிடம் நான் சொன்னது: பையன் கண்ணாடியைப் போடட்டும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள், ட்யூஷனை ஒரு நாளாவது குறைத்து சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் விளையாட விடுங்கள். கண்ணை உருட்டுவது பிடித்திருந்தால் உருட்டட்டும், கெடுதல் இல்லை. வாசித்துக்கொண்டே இருக்கும்போது நடுவில் எழுந்து மொட்டை மாடியில் நின்று மலைக்கோட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தால் கண் அசதிக்கு நல்லது, பவருக்கு இல்லை. "அப்ப கழட்ட முடியாதா?" என்றார். முடியாது மதினி. முகம் வாடிப்போனதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பள்ளிகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. டைம் டேபிளில் பி.டி. பீரியட் என்று எழுதியிருக்கும். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் அதைக் கணக்கு சாரும் சயின்ஸ் டீச்சரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். போர்ஷன் முடியவில்லை, யூனிட் டெஸ்ட் வருகிறது, காரணத்துக்குப் பஞ்சமில்லை. மதியச் சாப்பாட்டை வகுப்பிலேயே முடித்து, அந்த நேரத்தில் டெஸ்ட் வைக்கும் பள்ளிகளும் உண்டு. வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், தினமும் இரண்டு இன்டர்வெல், மதியம் அரை மணி. இதில் பிள்ளை வெளியே இருந்தாலே கணிசமாகச் சேர்ந்துவிடும். செலவு ஒரு பைசா இல்லை. யோகா மாஸ்டர் வேண்டாம், வீடியோ வேண்டாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேட்கப் போவதைக் குழுவிலும் போட்டுவிட்டேன். கண் பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அதை வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு மாற்றுங்கள். பி.டி. பீரியடில் வேறு டீச்சர் வந்தால் டைரியில் எழுதி அனுப்பச் சொல்லிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இன்டர்வெல்லில் வகுப்பைப் பூட்டிவிடுங்கள். மூன்றாவதற்கு மட்டும் இதுவரை ஏழெட்டுக் கட்டை விரல் வந்திருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு கணக்கு சார், அவர் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது, "போர்ஷனை யார் முடிப்பா?" என்று கேட்டிருக்கிறார்.